சூலியென், வீட்டுக்கு வா

இடிந்த பாலத்தருகே வந்ததும் தோங் மன்யூன் கூட்டத்தை நிறுத்திவிடுவாள். கையிலிருக்கும் மஞ்சள் கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வயிற்றுக்கு மேல் பெல்ட்டில் கட்டியிருக்கும் சின்ன ஸ்பீக்கரைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவாள்.

“எல்லாரும் தண்ணியைப் பாருங்க. அண்ணே, உங்களைத்தான். சூரியகாந்தி விதை கொறிக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம். இந்த இடத்துலதான் சூலியென் போனா.”

சூலியென் யார் என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொள்வாள். சூலியென் பெய்ஜிங்கின் இந்த அரசத் தோட்டத்தில் பணிப்பெண். வெளிநாட்டுப் படை வந்து தீ வைத்த அன்று மற்றப் பெண்களோடு பாலத்தைத் தாண்டித் தப்பித்துவிட்டாள். தாண்டிய பிறகு, மண்டபத்தில் தொங்கிய பறவைக் கூண்டுகளைத் திறந்துவிடவில்லையே என்று ஞாபகம் வந்திருக்கிறது. திரும்பி ஓடினாள். பறவைகள் வெளியே வந்தன, அவள் வரவில்லை. புகையில் கண் தெரியாமல் ஏரிக்குள் விழுந்துவிட்டாள். கூட இருந்த பெண்கள் கரையில் நின்று, பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“அவங்க கூப்பிட்ட மாதிரியே நாமளும் கூப்பிடுவோம். நான் கூப்பிடுறேன், அவளுக்காக நீங்க பதில் சொல்லுங்க. வெக்கப்படாதீங்க, காசா பணமா? சூலியென், வீட்டுக்கு வா!”

“வந்துட்டேன்!” என்று கூட்டம் கத்தும்.

“சூலியென், வீட்டுக்கு வா!”

“வந்துட்டேன்!”

அடுத்த தடவை கத்தும்போது பாதிப் பேர் செல்போனை இறக்கிவிட்டுத் தண்ணீரையே பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் சிரித்து, பாலத்தோடு படம் எடுத்துக்கொண்டு, வாசலில் சர்க்கரைப் பாகு பூசிய பழக்குச்சியை வாங்கிக் கடித்தபடி பஸ் ஏறிவிடுவார்கள்.

இதில் ஒரு சொல்கூட உண்மை கிடையாது. சூலியென் என்று ஒருத்தி இருந்ததே இல்லை. மன்யூன் கட்டிவிட்ட கதை.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. ஹான்லு தோட்டத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? எரிந்தது போக மிஞ்சிய கல்லையும் மரத்தையும் அக்கம்பக்கத்துக்காரர்கள் பன்றிக்கொட்டில் கட்டத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏரி இருக்கிறது, நாணல் இருக்கிறது, வரிசை வரிசையாக அஸ்திவாரக் கல் இருக்கிறது. “இங்க ஒரு மண்டபம் இருந்துச்சு, அங்க இன்னொரு மண்டபம் இருந்துச்சு” என்று எவ்வளவு நேரந்தான் சொல்வது? வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகு, வழிகாட்டிப் பரீட்சை எழுதி மன்யூன் இங்கே வந்த புதிது. ஒவ்வொரு கல்லுக்கும் எந்த அரசர், எந்த வருஷம் என்று தப்பில்லாமல் ஒப்பித்தாள். கூட்டம் தப்பில்லாமல் கொட்டாவி விட்டது. ஒருநாள் ஒரு பெண்பிள்ளை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்: “வெறும் கல்லைப் பாக்கவா டிக்கெட் வாங்கினோம்?”

மன்யூனுக்குச் சுருக்கென்றது. அவள் வாய்தான் சும்மா இருக்கிற வாயா? “கல்லா? இங்க ஒரு பொண்ணு செத்திருக்கா, தெரியுமா?” என்று ஆரம்பித்தாள். பேர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. வாயைத் திறந்தாள், வந்தது.

கூப்பிடுவதும் பதில் சொல்வதும் மட்டும் அவள் கட்டியது இல்லை. அவள் பிறந்த சந்தில் அது எல்லா வீட்டிலும் உண்டு. குழந்தை எதையாவது பார்த்துப் பயந்து காய்ச்சலில் விழுந்தால், உயிர் பயந்த இடத்திலேயே தங்கிவிட்டது என்பார்கள். அம்மாக்காரி குழந்தையின் சட்டையை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போவாள். பேரைச் சொல்லி, வீட்டுக்கு வா என்று கூப்பிடுவாள். கூப்பிட்ட பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து வீடு வந்து சேர வேண்டும். பார்த்தால் வருகிற உயிர் மிரண்டு நின்றுவிடும். வீட்டில் ஒருத்தர் குழந்தைக்காக “வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். மன்யூனையே அவள் அம்மா ஒருமுறை பொதுக் குளியலறை வாசலிலிருந்து இப்படிக் கூட்டி வந்திருக்கிறாள்.

அதைத் தூக்கி ஏரிக்கரையில் வைத்தால் கூட்டம் உருகும் என்று அவள் போட்ட கணக்கு தப்பவில்லை. யாரோ படம்பிடித்து இணையத்தில் போட, அந்தக் கூப்பிடலுக்காகவே ஊர் ஊராக ஜனம் வர ஆரம்பித்தது. வயசான பெய்ஜிங்காரர்கள் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். மெல்ல நழுவி வாசல் பக்கம் போய்விடுவார்கள். ஒரு பெரியவர் போகிற போக்கில், “தங்கச்சி, உயிரோட இருக்கிறவங்களைத்தான் அப்படிக் கூப்பிடணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மன்யூன் சிரித்துவைத்தாள்.

சிரிப்பும் கும்மாளமும் வேலையோடு சரி. வீட்டுக்குப் போனால் அவளும் புருஷன் பாங் தெலினும் இரண்டு பேர் மட்டும். தெலின் பஸ் டிரைவர், வாய்க்கு வாய் பதில் பேசுகிற ஆள், நல்லவன். வயிற்றில் மூன்று தடவை தங்கியது, மூன்று தடவையும் நிற்காமல் போனது. முதல் தடவை மன்யூன் அழுது தீர்த்தாள். இரண்டாவது தடவை யாரோடும் பேசவில்லை. மூன்றாவது, குளிர் முடிகிற சமயத்தில். அவளுக்கு வயசு முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு வேலைக்குப் போனாள், கொடியைப் பிடித்தாள், பாலத்தில் நின்று சூலியெனைக் கூப்பிட்டாள். டிக்கெட் கிழிக்கிற ஃபெங் அக்கா இன்றைக்கும் அதைச் சொல்வாள். வாசலில் உட்கார்ந்திருந்த தனக்கே உடம்பெல்லாம் புல்லரித்துப்போனதாம். அன்றைக்கு மன்யூன் விளையாட்டுக்குக் கூப்பிடவில்லை.

அது நடந்து வேனில் முழுக்கப் போனது. தாமரை இலைகள் பழுத்துக் கருகத் தொடங்கிய சமயம், ஷாண்டோங் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். எல்லோருக்கும் மில் இயந்திரத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. “வந்துட்டேன்!” என்று அவர்கள் கத்தி ஓய்ந்த பிறகு, நாணல் பக்கமிருந்து இன்னொரு “வந்துட்டேன்” வந்தது. மெல்லிய குரல். ஓடி வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வது போல இருந்தது.

“யாரும்மா அது, எல்லாரும் சாப்ட்டு எழுந்தப்புறம் பந்திக்கு வர்றது?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மன்யூனும் சிரித்தாள். சின்னப் பெண்ணின் குரல். அந்தக் கூட்டத்தில் சின்னப் பெண் யாருமே இல்லை என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் வேறு கூட்டம். குரல் வந்தது. நாணலிலிருந்து இல்லை, தண்ணீருக்கு நடுவே நிற்கும் பாலத்தூணிலிருந்து. சில நாள் கழித்துக் கரையோரக் கல்லிலிருந்து. பிறகு கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து. வருகிறவர்கள் ஒவ்வொரு நாளும் புதுசு, அவர்களுக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. தினமும் அங்கே நிற்பவளுக்குத் தெரியாதா? குரல் கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஃபெங் அக்காவிடம் சொன்னாள்.

“எதிரொலிடி” என்றாள் அக்கா, சூடான சோளக்கஞ்சியை ஊதிக்கொண்டே.

“இத்தனை வருஷமா வராத எதிரொலி இப்ப எங்கேருந்து வருதாம்? எதிரொலிக்க ஒரு சுவராவது வேணாமா? நம்ம தோட்டத்துல சுவரைக் கண்டிருக்கியா நீ?”

“அப்ப நாணலுக்குள்ள ஏதோ ஜோடி ஒதுங்கியிருக்கும். உன் சத்தத்துல பயந்துபோய் ஆஜர் சொல்லுதுங்க.”

“அக்கா, நான் பயந்து செத்துக்கிட்டிருக்கேன். நீ ஜோடியைப் பத்திப் பேசுற.”

“நீதானடி அவளைப் பெத்தவ. நீ பயந்தா எப்படி?” என்று சொல்லி அக்கா கஞ்சியைக் குடித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் கூட்டமே வரவில்லை. மன்யூன் குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் பாலத்துக்குப் போனாள். பதில் சொல்ல ஆள் இல்லாதபோது கூப்பிட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். ஸ்பீக்கர்கூட இல்லை. சாதாரணமாக, அடுப்படியிலிருந்து கூடத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில், “சூலியென், வீட்டுக்கு வா” என்றாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஏரியில் ஒன்றும் இல்லை, நாணலில் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். திரும்பலாம் என்று காலை எடுத்துவைத்தபோது, குடைக்குள்ளேயே, தோளுக்குப் பின்னால், “வந்துட்டேன்” என்றது.

அவள் கத்தவில்லை. நடந்தாள். திரும்பிப் பார்க்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? பாலத்தைத் தாண்டி, அஸ்திவாரக் கற்களைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஃபெங் அக்கா கூப்பிட்டதும் காதில் விழாமல் நடந்தாள். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து முன்கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாடி ஏறிக் கதவைத் திறந்து, உள்ளே போய்ச் சாத்தினாள். சாத்திய பிறகுதான் தலையில் இடி விழுந்தது. கூப்பிட்டிருக்கிறாள், பதில் வந்திருக்கிறது, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறாள். அம்மா அவளைக் கூட்டி வந்தது இப்படித்தான். ஒன்றுவிடாமல் இப்படியேதான்.

ஐயோ பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று கதவில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு கூட்டத்தைப் பாலத்துப் பக்கமே அவள் கூட்டிப் போகவில்லை. பாலம் ரிப்பேர் என்று கூசாமல் பொய் சொன்னாள். இடிந்த பாலத்துக்கு ரிப்பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை, சத்தம் எதுவும் இல்லாமல் சில நாட்கள் போயின. பிறகு நான்ஜிங்கிலிருந்து ஒரு கல்லூரிக் கூட்டம் வந்தது. அவள் இந்தப் பக்கம் ஃபெங் அக்காவோடு பேசிக்கொண்டிருக்க, அவர்களாகவே பாலத்தில் ஏறி நின்று கத்தினார்கள். “சூலியென், வீட்டுக்கு வா!”

ஏரி பதில் சொல்லவில்லை. மன்யூன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தூணிலிருந்து இல்லை, கல்லிலிருந்து இல்லை. அவள் வயிற்றின் மேலிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. “வந்துட்டேன்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். வழிகாட்டி அம்மாவே பதில் சொல்லிவிட்டாள் என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஸ்பீக்கரில் விளக்கு எரியவில்லை. அதை அவள் இன்னும் போடவே இல்லை. பெல்ட்டைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

ஃபெங் அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

“மன்யூன், கடைசியா உனக்கு எப்ப வந்துச்சு?”

மன்யூனுக்கு ஞாபகமில்லை. மூன்றாவதும் போன பிறகு அவள் நாள் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

மற்றவை நின்ற காலத்தையெல்லாம் இது எப்போதோ தாண்டிவிட்டது என்றாள் டாக்டரம்மா. “நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கு. முன்னாடி நடந்ததை நினைச்சுப் பயந்துக்கிட்டு இருக்காதீங்க. இது போற குழந்தை இல்ல.” தெலினுக்குச் செய்தி போனபோது அவன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நிறுத்தத்தில் நிற்காமலே போய்ப் பயணிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்து அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, “உள்ள யாருங்க? நான் உங்க அப்பன் பேசுறேன். உங்களைச் சூலியென்னு கூப்...” என்று ஆரம்பிக்க, மன்யூன் அவன் வாயிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் உதட்டைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

அன்றைக்குத்தான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தெலின் கேட்டுவிட்டு, “நீ ரொம்பக் கத்திக் கத்திக் காது கெட்டுப்போச்சு. தூங்கு” என்றான். அவன் அன்றைக்குத் தூங்கவில்லை.

ஃபெங் அக்காவுக்கு ஓட்டை வாய். தெலினின் மூன்றாவது அத்தை காதுக்குச் செய்தி போய்விட்டது. தெலினை வளர்த்தவள் அவள்தான். ஒரு கூடை முட்டையோடு வந்து இறங்கினாள். முட்டையை வைத்தாள், கோட்டைக் கழற்றவில்லை, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“யாரைடி கூப்பிட்டே?”

“அத்தை, அப்படி ஒருத்தி இல்லவே இல்ல. கூட்டத்துக்காக நான் சும்மா கட்டின கதை. சத்தியமா.”

“இல்லாதவளா? பேரு இருக்கு. செத்த இடம் இருக்கு. கூப்பிட ஆளு இருக்கு, பதில் சொல்ல ஆயிரம் வாய் இருக்கு. ஒருத்தி இருக்கிறதுக்கு இதுக்கு மேல என்னடி வேணும்?”

மன்யூன் நாற்காலியை இழுத்துப் போட்டாள், அத்தை உட்காரவில்லை.

“அந்தத் தண்ணியில எத்தனை பேரு போயிருப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? பேரு தெரியாம, கூப்பிட நாதி இல்லாம எதுவோ அடியில கெடந்திருக்கும். நீ ஒரு பேரைத் தூக்கிப் போட்டே. பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்துடுச்சு. இப்ப எங்க உக்காந்திருக்குன்னு நான் வேற சொல்லணுமா?”

“வேணாம் அத்தை. சொல்லாதீங்க.”

“அனுப்பிடணும். செத்தவங்களுக்குக் குளிர் துணி எரிச்சு அனுப்புற நாள் வருதுல்ல, அன்னைக்கே அனுப்பிடணும். நான் காகிதத் துணி வாங்கியாறேன். வட்டம் போட்டு, ஏரியைப் பாத்து வாசல் விட்டு, கூப்பிட்ட வாயாலயே பேரைச் சொல்லி, இதைக் கட்டிக்கிட்டுப் போயிடுன்னு சொல்லு. போயிடும்.”

“அதோட இதுவும் போயிட்டா?” மன்யூன் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை முட்டைக் கூடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “போனா, அது உன்னது இல்லைன்னு அர்த்தம். முழுகினதைப் பெத்து மடியில வெச்சுக்கப் போறியா? இன்னொண்ணு பெத்துக்க.”

“இன்னொண்ணா? கடையிலயா விக்குது?” மன்யூனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “நாலாவது இது. நாலாவது, அத்தை!”

அத்தை கெட்டவள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பிறக்கப்போவது தெலினின் கழுத்தை நெரித்துவிடுமோ என்கிற பயம் அவளுக்கு. தெலின் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தான். ஒரு நாள், இதெல்லாம் மூடத்தனம் என்பான். மறுநாள், அத்தை சொல்வதைச் செய்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பான். கடைசியில், “எனக்கு எது சரின்னு தெரியல மன்யூன். உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, அவ்ளோதான்” என்றான். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவளுக்குத்தான். அனுப்பினால் குழந்தை போய்விடலாம். அனுப்பாவிட்டால் எது பிறக்கும் என்று தெரியாது. நாள் நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தை சொல்வதைக் கேட்டுவிடலாம் என்று ஒருவழியாகத் தலையாட்டினாள். பயந்துபோயிருந்தாள், பாவம்.

சீன நிலாக் கணக்கில் பத்தாம் மாதத்து முதல் நாள். பொழுது சாய்கிற நேரத்தில் குடியிருப்புக்கு வெளியே நாற்சந்தியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. செத்தவர்களுக்குக் குளிருமல்லவா, வருஷா வருஷம் துணி அனுப்ப வேண்டும். ஆளாளுக்குச் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு, தங்கள் ஆள் புதைந்திருக்கும் திசையைப் பார்த்து ஒரு வாசல் விட்டு, நடுவில் காகிதத் துணியை வைத்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சந்தி முழுக்கப் புகை. “அப்பா, பஞ்சு வெச்சு தெச்சது, போட்டுக்குங்க” என்று ஒருவர் ஏதோ செல்போனில் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை ஒரு ஓரமாக இடம் பிடித்து வைத்திருந்தாள். காகிதத்தில் வெட்டிய குட்டிக் கோட்டு, பாவாடை, எல்லாம் நீலம். சாக்பீஸை மன்யூன் கையில் கொடுத்தாள்.

“நீதான் போடணும். வாசல் அந்தப் பக்கம்.” வடமேற்கைக் காட்டினாள். “போட்டுட்டு வெளிய நின்னு பேரைச் சொல்லு. போன்னு சொல்லு. அழுவாதே, அழுதா நின்னுடும்.”

மன்யூன் குனிந்தாள். சாக்பீஸ் தரையில் பட்டது. அப்போது வயிற்றுக்குள் அசைந்தது.

இதற்கு முன்னால் எதுவும் அவளுக்குள் அசைகிற அளவுக்கு இருந்ததில்லை. அதனால் முதலில் என்னவென்றே புரியவில்லை. மறுபடி அசைந்தது. உதைக்கவில்லை. அத்தை கை காட்டிய பக்கத்திலிருந்து விலகி, மெல்ல, மறுபக்கத்து விலாவுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளை மூலைக்குப் போவதில்லையா, அப்படி. அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பயப்படுகிறது. உள்ளே இருப்பது எதுவானாலும், அது அவளை மிரட்ட வரவில்லை, அவளை விட்டால் போக்கிடம் இல்லாமல் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அவள் நிமிர்ந்தாள். காகிதத் துணியைக் காலால் ஒதுக்கினாள். வட்டம் போட வேண்டிய இடத்துக்கு நடுவில் தானே போய் நின்றுகொண்டாள். நின்ற இடத்திலிருந்தே குனிந்து, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கோடு இழுத்தாள்.

“ஏய்! ஏய், என்னடி பண்றே?” அத்தையின் குரல் கீச்சிட்டது. “உள்ள நிக்கிறியே! உயிரோட இருக்கிறவ உள்ள நிக்கலாமா? தெலின், அவளை இழுடா!”

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்போனில் பேசுவது போலப் பேசியவர் பேச்சை நிறுத்திவிட்டார். பக்கத்து வட்டத்துப் பெண் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். தெலின் ஒரு அடி முன்னால் வந்தான், மன்யூனின் முகத்தைப் பார்த்தான், அங்கேயே நின்றுவிட்டான்.

“வாசலாவது விடுடி! வாசல் விடு!”

மன்யூன் கோட்டைக் கொண்டுபோய் ஆரம்பித்த இடத்தோடு சேர்த்தாள். எங்கும் இடைவெளி இல்லை.

“மூடிட்டேன் அத்தை. வெளியேருந்து யாரு கூப்பிட்டாலும் இனிமே இது போகாது. போகணும்னா என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போகணும்.”

“அது எதுன்னு உனக்குத் தெரியுமாடி?”

“தெரியாது. நான்தானே கூப்பிட்டேன்? கூப்பிட்டுட்டு, வந்தப்புறம் வாசல்ல வெச்சுத் துரத்துவாங்களா? நாயைக்கூட அப்படித் துரத்த மாட்டோம்.”

பக்கத்து வட்டங்கள் எரிந்து அடங்கும் வரை அவள் அதற்குள் நின்றாள். பிறகு கோட்டை மிதிக்காமல் தாண்டி வெளியே வந்தாள். நீலக் காகிதத் துணியை அத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

தோட்டத்தில் புதிதாக வந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு அந்தக் கதையும் ஸ்பீக்கரும் போயின. அவளும் அந்த இடத்தில் நின்று கூப்பிடுகிறாள், கூட்டமும் கத்துகிறது. கத்தி முடித்த பிறகு ஒன்றும் கேட்பதில்லை என்று ஃபெங் அக்கா வந்து சொன்னாள். மன்யூன் சரி என்று சொல்லித் துணி மடித்தாள்.

ஏரியில் பனிக்கட்டி உருகி வெகுநாள் ஆன பிறகு குழந்தை பிறந்தது. பெண். பிறந்ததும் அழுதது, பால் குடித்தது, எல்லாக் குழந்தைகளையும் போலத் தூங்கியது. கண் மட்டும் தெலின் ஜாடை, குறும்பு சொட்டும். வீட்டில் செல்லமாக நியூநியூ என்று கூப்பிட்டார்கள்.

நூறாம் நாள் விருந்துக்கு அத்தை வந்தாள். வராமல் இருக்க முடியுமா, தெலினின் பிள்ளையாயிற்றே. ஜூலை மாதத்து வெயில், ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தும் எல்லோருக்கும் முதுகில் வேர்வை வழிந்தது. மேஜையில் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. அத்தை வெகுநேரம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவளைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்ததும் தாங்காமல் எழுந்து வந்து தூக்கிக்கொண்டாள். கொஞ்சிக்கொண்டே பாதத்தைப் பிடித்தவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

“மன்யூன்... கால் ஏன் இப்படி இருக்கு?”

“தெரியும் அத்தை.”

“சில்லுன்னு இருக்கு. இந்த வெயில்ல. ஐஸா இருக்குடி.”

“டாக்டர் ஒண்ணுமில்லன்னுதான் சொல்றாரு. பொறந்ததுலேருந்தே அப்படித்தான்.” மன்யூன் குழந்தையை வாங்கிக்கொண்டாள். சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டாள். குளிரில் அவளுக்கு ஒருமுறை உடம்பு சிலிர்த்தது.

“ரொம்ப நாள் தண்ணியில கெடந்த பிள்ளை அத்தை. சூடாக நாளாகும்.”

குழந்தை கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தது. மன்யூன் சட்டையை இழுத்து அந்தக் கால்களை மூடிக்கொண்டு, மற்றவர்களைச் சாப்பிடச் சொன்னாள்.